ஹாலுக்கு வந்த கல்யாணம்

சுதாகரின் வீட்டில் முதலில் நின்றுபோன சண்டை சுலோச்சனா அத்தையின் பின்னந்தலை பற்றியது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் திருச்சியில் நடந்த சுதாகர் – தாரிணி கல்யாண வீடியோவில், மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தையான அவர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தார். அதுவும் பின்னந்தலை மட்டும். ஒரு கொண்டை, அதைச் சுற்றி மல்லிகைப் பூ. தாலி கட்டும் நேரத்தில் அத்தை மேடையில் இல்லாமல், அறைச் சாவிக்காக மண்டபத்துக்காரரோடு வாசலில் மல்லுக்கு நின்றது எல்லாருக்கும் தெரியும். அதற்கும் வீடியோவில் வராததற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதை மட்டும் அத்தை ஏற்றுக்கொண்டதே இல்லை. "பூவை எடுக்கத் தெரிஞ்சவனுக்கு முகத்தை எடுக்கத் தெரியலையா?" என்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் கேட்பார். கேட்டுவிட்டு, பெண் வீட்டிலிருந்து யாருமே வராத கல்யாணம் வேறு எப்படி இருக்கும் என்று தாரிணியின் பக்கம் ஒரு பார்வையை வீசுவார்.

இந்த வருடப் பொங்கலுக்கு வந்தவர் வீடியோவைப் போடச் சொன்னார். போட்டதும் வாயடைத்துப் போனார். மேடையில் அத்தை. மாங்கல்யத் தட்டோடு அத்தை. கெட்டிமேளத்தின்போது முதல் ஆளாக அட்சதை போடும் அத்தை. பட்டுப்புடவையில், பத்து வயது குறைந்து, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?" என்று சுதாகரின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு, தாரிணிக்கும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் தாரிணி கணவனைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் எதிரில் 'என்னங்க', தனியாக இருக்கும்போது கல்லூரிக் காலத்துச் 'சுதா' என்பது அவள் வழக்கம்.

"சுதா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

சுதாகர் நல்லவன்தான். ஆனால் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் முடிந்துவிடும் வேலையை, மூன்று வாரம் தூக்கம் கெட்டுக் காற்று வழியாக அனுப்பக் கற்றுக்கொண்டவன். வீட்டின் சின்ன அறையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் குடும்பத்தின் எல்லாப் படங்களும் வீடியோக்களும் இருந்தன. அங்கிருந்து ஹால் டிவிக்கு அவற்றை அனுப்புவது அவனுக்கு ஒரு வேள்வி. ஆரம்பத்தில் படம் வருவதற்குப் பதிலாக ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். தாரிணியின் மாமியார் விசாலம் சிறிது நாள் அதையே சக்கரத்தாழ்வார் என்று நினைத்துக் கும்பிட்டார். பிறகு 'இல்லத்திரை' என்றொரு புது மென்பொருள் வந்தது. வட்டம் போயிற்று. கூடவே உண்மையும் போய்விட்டது என்பது தாரிணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதுல குடும்ப அமைதின்னு ஒரு வசதி இருக்கு, தாரு. ஆன் பண்ணிப் பார்த்தேன். ஃபைல்ல அது கை வைக்கவே வைக்காது. சின்ன ரூம்ல இருக்கிறது இருக்கிறபடி இருக்கும். அங்கேர்ந்து ஹாலுக்கு வர்ற வழியிலதான் படத்தைப் புதுசா வரைஞ்சு அனுப்பும். டிவி மேல அரிசி சைஸுல ஒரு கேமரா இருக்கு பாரு. யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அது பார்க்கும். முகம் சுருங்கினா மாத்தும். மலர்ந்தா அதையே கொஞ்சம் கூடக் கொடுக்கும்."

"அப்ப பொய் சொல்லுது."

"ஏன் அப்படி எடுத்துக்கிறே? பந்தி பரிமாறுற மாதிரி வச்சுக்கயேன். சர்க்கரை இருக்கிறவங்க இலையில இனிப்பு வைக்காம விடுறோம்ல?"

"இது சர்க்கரை இருக்கிறவங்களுக்குத்தான் ரெண்டா வைக்குது."

பந்தி என்றதும் அவனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த மென்பொருள் எல்லாக் கல்யாண வீடியோவிலும் முதலில் வெட்டுவது பந்தியைத்தானாம். தான் சாப்பிடுவதைத் திரையில் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதப் பிறவி இதுவரை கிடைக்கவில்லையாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தாரிணி சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது மாமியார். கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்ட மாமனார், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரிகை வேட்டியோடு மேடையேறி மணமக்களை ஆசீர்வதித்தார். விசாலம் அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இவருக்கு இந்த வேட்டி எடுப்பா இருக்கு" என்றார். ஒரு மாதம் போனதும் பக்கத்து வீட்டுக்காரியிடம், "கல்யாணத்துக்கு அவர் இருந்தார், அந்தக் கொடுப்பினை எனக்கு இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாரிணிக்கு அதைத் திருத்த மனம் வரவில்லை. திருத்தியிருந்தாலும் டிவி மறுபடி மாற்றியிருக்கும்.

இப்படிப் புதிதாக வந்து சேர்ந்தவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லாரும் பட்டு உடுத்தியிருப்பார்கள். எல்லாரும் கேமராவை நேருக்கு நேர் பார்த்துச் சிரிப்பார்கள். நிஜமாகக் கல்யாணத்துக்கு வந்தவன் எவனும் அப்படிச் சிரிப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த தாரிணி, மாமியார் கோவிலுக்குப் போயிருந்த ஒரு மதியம், தனியாக உட்கார்ந்து வீடியோவைப் போட்டாள். வயிற்றில் ஐந்து மாதம். கால் வலிக்கிறது, சும்மா உட்காரலாமே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

கும்பகோணத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவள் அப்பா நாகலிங்கம். விசிலுக்கு ஊரே நிற்கும், அவர் மட்டும் எதற்கும் வளையமாட்டார். மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும், "உன் கல்யாணச் சோத்துல என் கை நனையாது" என்று ஒரே வாக்கியத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டார். அம்மா தையல்நாயகியையும் வாசல்படி தாண்ட விடவில்லை. ஆகவே கல்யாணத்தன்று தாரிணியைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் சுதாகரின் ஆபீஸ் மேனேஜர் வரதன். அவருக்கு அன்று ரயில். மந்திரத்துக்கு நடுவில் அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தது வீடியோவில் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

அந்த மதியம் டிவியில் வரதன் இல்லை. அப்பா இருந்தார். அவளுடைய கல்லூரிப் படங்களிலிருந்து எடுத்த முகம், எங்கிருந்து எடுத்ததோ தெரியாத ஒரு குழைவு. மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து, கண் கலங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா வாழ்நாளில் கண் கலங்கியது ஒருமுறைதான், அதுவும் மைதானத்தில் பந்து மூக்கில் பட்டபோது. இது நம் அப்பாவே இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் மதியமும் போட்டாள். அதற்கடுத்த நாளும். ஒருநாள், அப்பாவின் நிஜக் குரல் எது, டிவி கொடுத்த குரல் எது என்று யோசிக்க வேண்டி வந்தபோதுதான் பயந்து ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. ஐந்து வருடமாக ரகசியமாக போனில் பேசிவந்த அம்மா, இந்தத் தடவை குரலைத் தாழ்த்தாமலே பேசினாள்.

"அவரும் வர்றேன்னிருக்கார்டி. வாசப் பக்கமா ஒரு நாற்காலி போட்டுடு. கை நனைக்க மாட்டார், தண்ணிகூடக் கேட்க மாட்டார். நீயும் கொண்டுபோய் நீட்டிக்கிட்டு நிக்காதே."

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் முறை. அழைத்துப் போவார்களா என்று தாரிணி கேட்டாள். அதையெல்லாம் இப்போது கேட்காதே என்று அம்மா சொல்லிவிட்டாள். கேட்கவில்லை. ஆனால் ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். யாராவது 'பெட்டி எங்கே' என்று கேட்டால் எடுப்பது, கேட்காவிட்டால் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுதாகரிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். அன்றைக்கு அந்த அமைதியை அணைத்துவிட வேண்டும். அவன் தலையைச் சொறிந்தான். அணைத்தால் அத்தை மறுபடி பின்னந்தலை ஆகிவிடுவார், ஆன் செய்தால் நாகலிங்கம் தாரை வார்ப்பார். இரண்டு பேரும் ஒரே ஹாலில். கடைசியில், வீடியோவையே போடாமல் விட்டால் போயிற்று என்று முடிவு செய்தான். அத்தை இருக்கும் வீட்டில் தன் முடிவு செல்லும் என்று ஒரு ஆண் நம்பினான்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். அம்மா பூட்டியபோது ஒரு வளையல் உடைந்தது. நாகலிங்கம் வாசல் ஓர நாற்காலியில், அணிவகுப்புக்கு நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மகள் விழுந்து கும்பிட்டபோது, "நல்லா இரு" என்றார். குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பாரே என்று அவளிடம் சொல்லாமல் தன் மனைவியிடம் சொன்னார். இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துத் தாரிணி ஒரு வருடம் ஓட்டிவிடுவாள்.

பிசகியது சாப்பாடு. சமையல்காரர்கள் வர நேரமாயிற்று. சுதாகர் கீழே போய் போனும் கையுமாக நின்றான். ஹாலில் பேச்சு வற்றியது. அப்போது சுலோச்சனா அத்தை தன் பெருந்தன்மையை வெளியே எடுத்தார்.

"சம்பந்தி, நீங்க நம்ம வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்கவே இல்லையே. நடந்தது நடந்து போச்சு, இப்பவாவது பாருங்க."

வராதவரைக் கூப்பிட்டு, அவர் வராத கல்யாணத்தைக் காட்டுவது மரியாதை என்று நினைக்க அத்தையால் மட்டும்தான் முடியும். சந்தனமும் வளையலுமாக மனையில் இருந்த தாரிணி எழுந்து வருவதற்குள் அவர் டிவிக்கு உத்தரவு போட்டுவிட்டார். இந்த வீட்டில் அத்தையை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அந்த டிவிதான்.

அரிசி அளவுக் கேமரா ஹாலைச் சுற்றிப் பார்த்தது. அத்தனை பேரையும் திருப்திப்படுத்த வேண்டிய பொறுப்பை மனமார ஏற்றுக்கொண்டது. மேடை நிறைந்தது. அத்தை வந்தார், காலமான மாமனார் வந்தார், பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், வீட்டைவிட்டே கிளம்பாத தையல்நாயகி மாம்பழக் கலர்ப் பட்டில் வந்தாள். தாரை வார்க்க, சரிகை அங்கவஸ்திரத்தோடு நாகலிங்கம் வந்தார்.



"என்கிட்ட இந்த மாதிரி அங்கவஸ்திரம் கிடையாது" என்றார் நாகலிங்கம்.

அவர் முகம் சுருங்கியதைக் கேமரா கவனித்தது. திரையில் இருந்தவரின் அங்கவஸ்திரம் பட்டென்று மறைந்து வெள்ளைத் துண்டு வந்தது. சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. நிஜமானவர் முறைக்க முறைக்கத் திரையில் இருந்தவர் குழைந்தார். கடைசியில் மாப்பிள்ளையைக் கட்டியே பிடித்துக்கொண்டார். மூச்சிரைக்க மாடியேறி வந்த சுதாகர் இந்தக் காட்சியில்தான் உள்ளே நுழைந்தான்.

"மாமா, அது வந்து, சாஃப்ட்வேர்," என்று ஆரம்பித்து, கம்ப்யூட்டர், வழி, வரைதல் என்று என்னென்னவோ சொன்னான். அத்தைக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் புரிந்தது. "அப்ப நானும் இல்லையா?" என்றார். 

நாகலிங்கம் எழுந்தார். "நான் வரலைங்கிறது உங்களுக்கு அவமானமா இருந்திருக்கு. அதான் ஒரு ஆளைச் செஞ்சு வச்சுக்கிட்டீங்க. நல்லது. பிரசவத்துக்கும் அவனையே கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க." மனைவியைப் பார்த்து, "கிளம்பு" என்றார்.

தாரிணி டிவியின் சுவிட்சை அணைத்தாள். இரண்டு கை வளையல்களும் குலுங்கின. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"இதைப் பார்த்து நானும் ஏமாந்தேம்பா. தினம் மதியம் போட்டுப் பார்த்தேன். உங்க முகம்கிறதுக்காகப் பார்த்தேன். ஆனா எனக்கு இந்த அப்பா வேணாம். வராத அப்பாவே போதும். அசல் உள்ள இருக்கு, அதுல யாரும் கை வைக்கல. நீங்க வரலைங்கிறது அதுல அப்படியே இருக்கு. வந்து பார்த்துட்டுப் போங்க."

இப்படி ஒரு அழைப்பை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வராததற்கு அத்தாட்சி காட்டக் கூப்பிடும் மகளின் பின்னாலேயே போனார்.

சின்ன அறையில் கம்ப்யூட்டரின் பழைய திரை. அதற்குக் கேமரா இல்லை, யார் மனசையும் பார்க்கத் தெரியாது. தாரிணி அசலை ஓடவிட்டாள். பாதிக் காலி நாற்காலிகள். வாசலில் ஒரு கொண்டை. வியர்த்து வழியும் ஐயர். வரதன் தாரை வார்த்துக்கொண்டே வாட்சைப் பார்த்தார்.

"யாரு இவன்?"

"அவங்க மேனேஜர்."

"எதுக்கு வாட்சையே பார்க்கிறான்?"

"ரயிலுக்கு நேரமாச்சாம்."

 நாகலிங்கத்தின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. தாலி ஏறியது. மேடை கலைந்தது. கேமரா மாடியேறி, வீட்டில் எப்போதும் பார்க்காமல் ஓட்டிவிடும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது.

"போதும். அணை" என்றார். மைதானத்துக் குரல்.

தாரிணி மவுஸை எட்டினாள். ஏழு மாத வயிறு மேஜையில் இடித்தது. கை எட்டவில்லை. அந்த அவகாசத்தில் வீடியோக்காரன் விளக்கை ஏந்திக்கொண்டு பந்தி வரிசையை அளந்தபடி கடைசிவரை போய்விட்டான். சோற்றை அள்ளியவர்கள் நிறுத்தினார்கள். மென்றவர்கள் வாயை மூடினார்கள். ஓரத்தில் டிரைவர்களும் மேளக்காரர்களும் உட்கார்ந்திருந்த இடத்தில், ஒருவர் விளக்கு பட்டதும் இடது கையைத் தூக்கி முகத்தை முழுசாக மறைத்துக்கொண்டார். சாயம் போன நீலச் சட்டை. முகம் தெரியவே இல்லை.

இலை தெரிந்தது. இலையின் மேல் ஓரத்தில் ஒரு அப்பளம், எதன் மேலோ கூரை மாதிரி கவிழ்ந்திருந்தது. அதன் விளிம்பில் ஜாங்கிரியின் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது.

சின்ன வயதில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் அப்பா பக்கத்தில்தான் உட்காருவாள். தன் இனிப்பை முதலிலேயே தின்றுவிட்டு அவர் இலையில் கை வைப்பாள். அதற்குப் பயந்து அவர் அப்பளத்தால் மூடி வைப்பார். கடைசியில் பாதியை அவளுக்கே கொடுத்துவிடுவார். தமிழ்நாட்டில் வேறு யாரும் ஜாங்கிரியை அப்படி ஒளித்து வைத்து அவள் பார்த்ததில்லை.

இப்போது அவள் கை மவுஸில் பட்டது. படம் நின்றது.

"அப்பா."

"ஒரு வேலையா திருச்சிப் பக்கம் வந்தேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்து. "மாவட்டப் போட்டி. நடுவராக் கூப்பிட்டிருந்தாங்க. பசிச்சுது."

"மே மாசத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டி வைக்கிறாங்க?" என்று வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அன்னிக்கே கேட்டிருப்பேன். சட்டையில வேற சாம்பார். கேட்டா, அடுத்த தடவை எங்கயும் கிளம்பமாட்டீங்களேன்னுதான் விட்டேன்."

நாகலிங்கம் விசில் தொலைத்த நடுவர் மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து வருடம் இரண்டு குடும்பங்களைப் பிரித்து வைத்திருந்த அந்த வைராக்கியம், முதல் நாளே கடைசிப் பந்தியில் ஒரு ஜாங்கிரியோடு முடிந்துபோயிருந்தது. மிச்ச நாளெல்லாம் அதன் கருமாதியைத்தான் கொண்டாடியிருக்கிறார்கள்.

"மேடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா?"

"மேடையில அவன் நின்னான்" என்றார், திரையை நோக்கித் தலையசைத்து. "என் இடத்துல ஒருத்தன் நிக்கும்போது நான் எங்க போய் நிக்க?" திரையில் நின்றிருந்த இலையைப் பார்த்தார். பிறகு, "ரசத்துல உப்பே இல்ல" என்றார். ஐந்து வருடமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த புகார் போலிருந்தது.

சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள். நாகலிங்கம் வாசல் நாற்காலியைத் தாண்டிப் போய், முதல் வரிசையில் இலை முன் உட்கார்ந்தார்.  சோறு வருவதற்கு முன்னால், தலையைத் திருப்பாமலே, "பெட்டி எங்க இருக்கு? மழை வர்றதுக்குள்ள கிளம்பணும்" என்றார். தாரிணி கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கப் போனபோது, குனியாதே என்று இந்த முறை அவளிடமே சொன்னார்.

ஹாலில் சுதாகர், அத்தையின் பிடிவாதத்துக்காக, குடும்ப அமைதியை அணைத்துவிட்டு வீடியோவை மறுபடி போட்டிருந்தான். சுலோச்சனா அத்தை தன் கொண்டையைப் பார்த்துவிட்டுப் பழைய வேகத்தில் ஆரம்பித்தார். விசாலம் மட்டும் டிவியைப் பார்க்காமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாரிணி பின்னாலேயே போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இதற்கு எந்தச் சமாதானமும் அவளிடம் இல்லை.

திரும்பி வந்தவளைச் சுதாகர் சின்ன அறை வாசலில் நிறுத்தினான். திரையில் அந்தப் படம் நின்றபடியே இருந்தது.

"தாரு, அந்தக் கையை மட்டும் எடுத்துடட்டுமா? ஒரு பட்டன்தான். முகம் தெளிவாத் தெரியும். நிஜமாவே வந்தவர்தானே, பொய்யாகாது."

தாரிணி ஹால் பக்கம் பார்த்தாள். அப்பாவின் இலையில் ஜாங்கிரி விழுந்தது. அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவர் அப்பளத்தை எடுத்து அதன் மேல் கவிழ்த்தார்.

"வேணாம் சுதா" என்றாள். "கை அப்படியே இருக்கட்டும்."

அப்பளத்தைத் தூக்கிப் பாதியை வாங்கிக்கொள்ள, அவர் பக்கத்து இலைக்குப் போனாள்.